பதினாலு பேர், ஒரு வேன், வழியெல்லாம் பாட்டு



திருவேற்காடு என்றாலே எல்லாருக்கும் கருமாரியம்மன்தான் ஞாபகத்துக்கு வருவாள். ஆடி மாசம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை. விடியற்காலையிலேயே ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவின் குரல் எழுப்பிவிடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், பிறந்தபோது வைத்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியும். சொன்னது எங்கள் கோடி வீட்டு அக்கா. "பாட்டுக்கு ஏதுடி மதம்? சுருதி சேர்ந்தா போதும்" என்பார்.

இந்தக் கடிதமே அந்த அக்காவால்தான்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. பிறந்த ஊர் தஞ்சாவூர். சின்ன வயசில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர். கல்யாணம், மூன்று பிள்ளைகள், மாமியார் நாத்தனார் என்று ஆனபிறகு பாட்டு அடுப்படிக்குள்ளேயே நின்றுபோச்சு. 2024 ஜூலை மாசம், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். கழுத்தில் தைராய்டு கட்டியாம், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். புற்று இல்லை என்று டெஸ்டில் வந்துவிட்டது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியின் பின்னாலேயே ஒட்டிப் போகிறதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும், சிலருக்கு மேல் ஸ்தாயி எட்டாமல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தேதி செப்டம்பர் 19.

"அதுக்கு முன்னாடி தஞ்சாவூர்ல, நான் பாடின அந்த சர்ச்சுல ஒரு தடவை பாடிடணும். அப்படியே வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கும் போயிட்டு வந்துடணும். அவ்வளவுதான் என் ஆசை" என்றார். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். தனியாக அனுப்பவும் மனசில்லை. "நாமளே கூட்டிக்கிட்டுப் போனா என்ன?" என்று நான் வாய்விட்டதுதான் தாமதம், தெருவில் ஒவ்வொருத்தராகச் சேர்ந்து பதினாலு பேர் ஆகிவிட்டோம். எட்டுப் பேர் கிறிஸ்தவர்கள், ஆறு பேர் எங்களைப்போல அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இதில் ஒருவர் ரிட்டயர்டான தமிழ் டீச்சர். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் பாதி விஷயம் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வீட்டில் சம்மதம் வாங்கிய கதையை எழுதினால் தனியாக ஒரு மலர் போட வேண்டும். பள்ளிக்கூடம் நடக்கிற நாள். மூன்று பகல், மூன்று ராத்திரி. என் வீட்டுக்காரர், "வேளாங்கண்ணி மாதா பெசன்ட் நகர்லயே இருக்காங்க. அங்கேயும் அதே 29-ந் தேதிதான் கொடி. 'பஸ்'ல போயிட்டு ராத்திரிக்கே வந்துடலாமே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தஞ்சாவூர் எப்படிப் பெசன்ட் நகருக்கு வரும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மாமியார்தான், "அம்மன் வாசல்ல குடியிருந்துக்கிட்டு மாதா கோயிலுக்கு எதுக்குடி?" என்று இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் முந்தானையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து, "என் முட்டி வலிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா" என்றார். அப்புறம் என்ன!

மூன்று நாளைக்கும் தோசைமாவு அரைத்து, புளிக்காய்ச்சல் கிண்டி, சாம்பார் பொடி எது ரசப்பொடி எது என்று டப்பாவில் சீட்டு ஒட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் புளிக்காய்ச்சல் மட்டும் காலி. மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி. ஓட்டல்காரர் பிழைத்தார்!

ஆகஸ்ட் 27 செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு வேலப்பன்சாவடியில் வேன் ஏறினோம். ராத்திரிப் பிரயாணத்துக்கு நாங்கள் போட்டுக்கொண்ட ஒரே கட்டளை, டிரைவர் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது என்பது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருத்தர் முறை. இரண்டு மணிக்கு வண்டியை ஓரம் கட்டி டிரைவர் தம்பி ஒரு மணி நேரம் கட்டாயம் படுத்தாக வேண்டும். கழிப்பறைக்குப் பெரிய பெட்ரோல் பங்க்தான் நல்லது. வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். ஒருத்தி இறங்கினால் எல்லாரும் இறங்குவது, தனித்தனியாகப் போகவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியும் மக்கும் வேனிலேயே கிடந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அதைப் பிறகு தேடித் தேடி எடுத்தார்கள்.

வேன் தாம்பரம் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒரு வேடிக்கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிறிஸ்தவப் பாட்டு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லையாம்! சி.எஸ்.ஐ. சர்ச் அம்மாக்கள் 'பாமாலை' என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஆர்கனுக்கு ஏற்ற மேல்நாட்டு மெட்டு, தமிழ் வார்த்தை. 'கீர்த்தனை' வேறு. அது நம் கச்சேரிகளில் கேட்கிற மாதிரி பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகத்தில் போகும். ஆர்.சி. அம்மாக்களுக்கு மாதா பாட்டு தனி. பின் சீட்டில் இருந்த பெந்தேகோஸ்தே சபைத் தங்கச்சிக்கு இதெல்லாம் சுத்தமாகப் போதவில்லை. கைதட்டிப் பாடுகிற வேகப் பாட்டுதான் வேண்டும். ஒருத்தர் ஆரம்பித்தால் இன்னொருத்தருக்குச் சரணம் தெரியாது. கடைசியில் சண்டை தீர்க்க நாங்கள் ஆறு பேரும் கருமாரி பாட்டை எடுத்துவிட, அது மட்டும் பதினாலு பேருக்கும் மனப்பாடம்! ஸ்பீக்கர் செய்த புண்ணியம்.

விக்கிரவாண்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேர விடிந்துவிட்டது. லாட்ஜில் குளித்து, பெரிய கோயிலில் பிரகதீஸ்வரரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. அங்கேயே அக்காவின் சர்ச். ஜெர்மனிக்காரரான ஸ்வார்ட்ஸ் ஐயர் 1779-ல் கட்டியது. ராஜராஜன் கோபுரம் அங்கிருந்தே தெரிகிறது. நாங்கள் ஒரே காலைப்பொழுதில் இரண்டு இடத்திலும் கும்பிட்டோம். நடந்தே போய்விடலாம், அவ்வளவு கிட்டம்.

உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். ஸ்வார்ட்ஸ் ஐயர் மரணப்படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சிறுபிள்ளையிலிருந்து தன்னை வளர்த்துப் படிக்க வைத்த குருவுக்கு, இந்து ராஜா இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. ஸ்வார்ட்ஸ் இறந்தது 1798-ல். என் பக்கத்தில் நின்ற பூக்கடை அண்ணி, "ராஜா முகத்தைப் பாரு, சொந்த அப்பாவைப் பறிகொடுத்த மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ராஜாவோடு கூடப் படித்த இன்னொரு பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து, பன்னிரண்டு வயசில் தஞ்சாவூர் வந்து, 1864-ல் போய்ச் சேர்ந்தார். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் என்றால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். குறவஞ்சி, கும்மி, ஏற்றப்பாட்டு, தாலாட்டு என்று நம் பெண்கள் வீட்டிலும் வயலிலும் பாடும் மெட்டையெல்லாம் எடுத்து வேதக் கதையைச் சொன்னாராம். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யை டீச்சர் காலேஜில் பாடமாகப் படித்திருக்கிறார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள் என்பதையும் டீச்சர் அங்கேயே வைத்துத் தெளிவுபடுத்தினார். நான் இரண்டும் ஒருவர் என்றே நினைத்திருந்தேன். பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று 1869-லேயே 'பெண்மதி மாலை' பாடியவர். அவர் கீர்த்தனைகளைக் கச்சேரியில் இன்றும் பாடுகிறார்கள்.

சாஸ்திரியார் பாட்டெல்லாம் சர்ச்சுக்குள் சுலபமாக வந்துவிடவில்லை. பின்னால் வந்த இளம் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு நம் ராகத்தில் பாடுவது பிடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னார்கள். இவர் எதிர்த்து எழுதினார். ஆனால் அதே சண்டையில் சர்ச்சுக்குள் ஜாதி வித்தியாசம் வேண்டும் என்றும் நின்றிருக்கிறார். "பாட்டுக்குக் கும்பிடறேன், இதுக்கு மாட்டேன்" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்புறம் 1853-ல் மதுரைப் பக்கம் இருந்த வெப் என்ற அமெரிக்க மிஷனரி இவர் பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகமாக அச்சிட்ட பிறகு சபைகளில் கீர்த்தனை நன்றாகவே பரவிவிட்டது.

இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. காவலுக்கு இருந்த பெரியவரிடம் போய் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். ஆராதனை நேரம் இல்லை, எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, முன்னால் போய் நின்று சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை எடுத்தார். கூட மூன்று பேர் சேர்ந்து பாடினார்கள். சுருதிப் பெட்டி இல்லை, மைக் இல்லை. பழைய காலத்துக் கட்டடம், குரல் மேலே போய்த் திரும்பி நம்மிடமே வருகிறது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா மட்டும் போனார். கழுத்தில் அந்தக் கட்டி ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பெந்தேகோஸ்தே தங்கச்சி போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

சாயந்திரம் அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் பார்த்தோம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆபிரகாம் பண்டிதர் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த பணத்தையெல்லாம் தமிழ் இசைக்குச் செலவழித்த கிறிஸ்தவர். 1912-லிருந்து தஞ்சாவூரில் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தன் ஆராய்ச்சியை நிரூபிக்கத் தன் வீட்டுப் பெண்களையே வீணை வாசிக்க வைத்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய புத்தகம் போட்டார். பெண்கள் சபையில் வீணை வாசிப்பதே பெரிசாக இருந்த காலம்! அந்த வீட்டுப் பெண்களுக்கு எத்தனை தைரியம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் 29. திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. தஞ்சாவூரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வழியெல்லாம் காவி கட்டிய கூட்டம், சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்து, மைக் செட் கட்டிப் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். மெட்ராஸிலிருந்தே நடந்து வருபவர்களும் உண்டு. கால் கொப்புளத்துக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டி நடக்கிறார். வேனை நிறுத்தி ஏறச் சொன்னால், "வேண்டுதல் தாயி, பாட்டுல வலி தெரியாது" என்கிறார்.

திருவிழா சமயம் வேளாங்கண்ணியிலேயே ரூம் தேடுவது வீண் வேலை. நாங்கள் இருபது நாள் முன்னாலேயே நாகப்பட்டினத்தில் மூன்று ரூம் சொல்லி வைத்திருந்தோம். சாமானை அங்கே போட்டுவிட்டு, பர்ஸை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நகையெல்லாம் கழற்றி, மஞ்சள் கயிறும் கவரிங் தோடுமாகப் போனோம். கூட்டத்தில் செல்போன் பேச்சுக்கே உதவாது, லைனே கிடைக்காது. அதனால் பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று ஒரு கடையை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டோம். சேலை மடிப்புக்குள் எல்லாரும் பெயரும் டிரைவர் நம்பரும் எழுதிய சீட்டைப் பின் பண்ணியிருந்தோம். இரண்டு பேர் பிரிந்துபோய் அந்தக் கடைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

கொடி முதலில் ஊர்வலமாகத் தெருவெல்லாம் போய் வருகிறது. சாயந்திரம் தஞ்சாவூர் மறைமாவட்ட ஆயர் மந்திரிக்க, கொடி மேலே ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் பேராலயம் முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு எரிகிறது. அந்த நிமிஷம் "மரியே வாழ்க" என்று எழும் சத்தம் இருக்கிறதே, காதில் இல்லை, நெஞ்சில்தான் கேட்கிறது. எங்கள் இடப்பக்கம் மலையாளத்தில் பாடுகிறார்கள், பின்னால் தெலுங்கு, கொஞ்சம் தள்ளி பம்பாய், கோவாப் பக்கத்துக்காரர்கள் கொங்கணியில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒருவர் மெட்டை மற்றவர் பிடித்துக்கொள்கிறார்கள். ரொம்ப நாள் கழித்து அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன். ஒரு மலையாளத்து அம்மா அக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டு பாட, அக்கா தமிழில் பாட, இரண்டும் எப்படியோ ஒத்துப்போனது.

மாதாகுளம் வரைக்கும் மணலில் முட்டி போட்டே போகிறவர்கள் உண்டு. மாமியாரின் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வந்தேன். கடற்கரைக்குப் போக எங்களில் இரண்டு பேருக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இந்தக் கரையில் நின்றிருந்த யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் சுனாமியில் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். அதில் எங்களோடு வந்த தையற்கார அக்காவின் சித்தியும் ஒருவர். அவர் நினைவாக ஒரு மெழுகுவத்தி தனியாக ஏற்றினோம்.

30-ந் தேதி வெள்ளிக்கிழமை. டிரைவர் தம்பிக்கு நாகூர் தர்காவில் ஒரு வேண்டுதல் இருந்தது. மூன்று நாளாக எங்கள் பாட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டவர், அவருக்காக இறங்கிக் கும்பிட்டுவிட்டு, காரைக்கால் தாண்டித் தரங்கம்பாடி போனோம்.

அலை பாடுகிற ஊர் என்று அதன் பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். டென்மார்க்குக்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ந் தேதி இங்கே வந்து இறங்கி, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் 'அ', 'ஆ' எழுதித் தமிழ் கற்றவர். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். 1718-ல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அவர் சமாதி இருக்கிறது. அவர் காலத்துப் பாட்டெல்லாம் ஜெர்மன் மெட்டில் தமிழ் வார்த்தை. அந்த மெட்டிலிருந்து சாஸ்திரியார் கீர்த்தனைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகியிருக்கிறது என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்ல, நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டோம். கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். கடல் அரித்து அரித்துப் பாதிதான் மிச்சம். அங்கேயும் ஒரு கற்பூரம்.

சீர்காழி, சிதம்பரம், கடலூர், பாண்டிச்சேரி வழியாக ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

செலவு கேட்கிற சகோதரிகளுக்காக: தலைக்கு 3,200 ரூபாய் போட்டோம், மொத்தம் 44,800. வேன் வாடகை 24,500, டோல், பார்க்கிங், டிரைவர் படி 3,150, ரூம் 9,000, சாப்பாடு 6,200, பால், மாத்திரை, சில்லறைச் செலவு 710. மிச்சம் 1,240. கிளம்பும்போதே கணக்கு நோட்டைப் பெந்தேகோஸ்தே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டோம். அவள் ஒரு டீக்கூட விடாமல் எழுதினாள்.

சொன்னபடி செப்டம்பர் 19-ல் அக்காவுக்கு ஆபரேஷன் ஆனது. இரண்டு மாசம் குரல் காற்றாகத்தான் வந்தது. போனில் பேசினால் வேறு யாரோ என்று நினைத்துவிடுவோம். டாக்டர் சொன்னபடி பேச்சுப் பயிற்சிக்குப் போனார். தை மாசம் வாக்கில் பேச்சு சரியாகிவிட்டது. பாட்டு முழுசாகத் திரும்பவில்லை. ஐந்து கட்டையில் பாடியவர் இப்போது நாலு கட்டைக்கு இறங்கிவிட்டார். அன்றைக்குத் தஞ்சாவூரில் தனியாக மேலே போன அந்த இடம் இனி அவருக்கு இல்லை. அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன்.

மிச்சமிருந்த 1,240 ரூபாயோடு ஆளுக்கு நூறு போட்டு ஒரு சின்ன எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வாங்கினோம். சனிக்கிழமை சாயந்திரம் அக்கா வீட்டுத் திண்ணையில் என் பெண் உட்பட ஏழு பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். முதலில் சரளி வரிசை, அப்புறம் ஒரு கீர்த்தனை, ஒரு கருமாரி பாட்டு. மாமியாரும் போய் உட்கார்ந்திருக்கிறார், முட்டி வலி கொஞ்சம் தேவலையாம்.

- ஒரு குடும்பத்தலைவி, திருவேற்காடு.